போர்வைக்குள் எத்தனை பேர்

கடவுச்சொல் ஒழிந்தபோது யாரும் அழவில்லை. அதை மறந்து மறந்து ஜனங்கள் பட்ட பாடு அப்படி. மகன் பெயரோடு ஒன்று இரண்டு மூன்று சேர்த்து வைத்திருந்தவர்களும், அதைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பர்சுக்குள் வைத்துப் பர்சையே தொலைத்தவர்களும் ஒரே நாளில் விடுதலையானார்கள். இனிமேல் விரலே போதும் என்றார்கள். ரேகை இல்லை, அது பழைய கதை. திரையில் நீங்கள் தட்டுகிற விதம். எந்த எழுத்துக்கு முன்னால் தயங்குகிறீர்கள், எதை அழுத்துகிறீர்கள், எதை உரசிக்கொண்டு போகிறீர்கள், தப்பு வந்தால் உடனே அழிக்கிறீர்களா, வார்த்தையை முடித்துவிட்டுத் திரும்பி வருகிறீர்களா. நாலு வரி தட்டினால் போதும், இது இன்னார் என்று இயந்திரம் சொல்லிவிடும். இதற்குக் 'கைநடை' என்று பெயர் வைத்தார்கள். வங்கி, ரேஷன், பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் கைநடைக்கு மாறின. எவ்வளவு சௌகரியம் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் தட்டிச் சொல்லிக்கொண்டார்கள்.

அப்புறம் 'கண்டேன்' வந்தது. தொலைந்தவர்களைத் தேடித் தரும் நிறுவனம். விளம்பரத்தில் ஒரு தாய், சிறுவயதில் காணாமல் போன மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள், பார்த்தவர்களும் அழுதார்கள். தொலைந்தவருடைய பழைய கைபேசி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், அதில் கைநடை தங்கியிருக்கும். அதே கை இன்று எந்த ஊரில், எந்தத் தெருவில் தட்டிக்கொண்டிருக்கிறது என்று வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுப்பார்கள். குடும்பத்தார் என்று நிரூபித்தால் கட்டணத்தில் சலுகை உண்டு. தொலைந்தவர்கள் எல்லோரும் தொலைந்தவர்கள்தானா, தப்பித்துப் போனவர்களும் அதில் இருக்கிறார்களா என்று அந்த விளம்பரம் கேட்கவில்லை. பார்த்து அழுதவர்களும் கேட்கவில்லை.

பூங்கோதை கேட்டாள். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறவள், ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் எழுதுகிற வேலை. அவளும் நாகர்கோவில்காரன் பிரான்சிஸும் சேர்ந்து ஒரு விசைப்பலகை செய்தார்கள். பெயர் 'போர்வை'. இலவசம். அதன் நிரல் முழுவதும் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், குறை சொல்லலாம். அதை நிறுவிக்கொண்டால் உங்கள் கைநடை வெளியே போகாது. போர்வையைப் பயன்படுத்துகிற எல்லோருடைய கையையும் கலந்து செய்த ஒரு பொதுக் கைதான் வெளியே போகும். திறந்தவுடன் திரையின் மேலே ஒரு வரி வரும்: போர்வைக்குள் இப்போது இத்தனை பேர். அதன் கீழே பூங்கோதையே ஆசையாக எழுதிவைத்த இன்னொரு வரி: நீங்கள் தனியாக இல்லை.

நல்ல காலத்தில் அந்த எண் நாற்பதாயிரத்தைத் தொட்டது. அன்று பிரான்சிஸ் கேக் வாங்கி, படம் எடுத்து அனுப்பிவிட்டுத் தானே சாப்பிட்டான்.

அந்தக் காலத்தில்தான் 'அணில்' என்ற பெயரில் ஒருத்தி குறைகளைப் பதிவுசெய்யும் பொதுப்பக்கத்தில் எழுதினாள். 'பேட்டரி குறையறப்போ போர்வை ஒரு நொடி விலகுதுங்க அக்கா. நான் பாத்தேன். எனக்கு அந்த ஒரு நொடி ரொம்ப முக்கியம்.' பூங்கோதை சோதித்துப் பார்த்தாள். உண்மைதான். மதியச் சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டுச் சரிசெய்தாள். அப்புறம் தனியே கேட்டாள், அந்த ஒரு நொடி ஏன் முக்கியம் என்று.

பதில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அணில் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவள். தன் கைபேசியை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதை எடுத்துக்கொண்டு அப்பா நேராகக் கண்டேன் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார் என்று ஒரு தோழி மூலம் தெரிந்திருக்கிறது. 'எங்கண்ணன் ஒருக்கா சொல்லியிருக்கான், புடிச்சா ரெண்டு பேரையும் ஒரே குழியிலதான்னு. சும்மா சொல்றவன் இல்லைங்க்கா.' அவள் கணவன் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறான், கைபேசியே வைத்துக்கொள்வதில்லை. இவள் வீட்டிலிருந்தபடி படங்களுக்கு வசன வரிகள் தட்டிக் கொடுக்கிறாள். அந்த வேலை நின்றால் அடுப்பு எரியாது.

"எந்த ஊர்னு மட்டும் என்கிட்டச் சொல்லிடாதே," என்று பூங்கோதை எழுதினாள். "எனக்குத் தெரியாத வரைக்கும் என்கிட்ட இருந்து யாரும் பிடுங்க முடியாது."

'சரிங்க்கா,' என்றாள் அணில். கடைசிவரை சொல்லவில்லை.

போர்வையை யாரும் தடைசெய்யவில்லை. தடைசெய்திருந்தால் நாலு பேராவது கொடி பிடித்திருப்பார்கள். நடந்தது வெறும் அலைச்சல். பணம் அனுப்பும்போது வங்கியின் செயலியில் ஒரு நாள் சிவப்பு எழுத்து வந்தது: 'உங்கள் கை தெளிவாக இல்லை. அருகிலுள்ள கிளைக்கு நேரில் வரவும்.' அவ்வளவுதான். கிளைக்குப் போனால் வரிசை. வரிசையில் நின்றால் காலை நேரம் போச்சு. கவுன்ட்டரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "அந்தப் போர்வையை எடுத்துடுங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்றார். எடுத்தார்கள். சரியாகிவிட்டது. நாற்பதாயிரம் பேரில் முக்கால்வாசிப் பேர் ஒரு மழைக்காலத்துக்குள் இப்படிச் சரியாகிப்போனார்கள். இவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டாவது உட்காரலாம்.

எண் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியபோது பிரான்சிஸ் கூப்பிட்டான்.

"எக்கா, அந்த எண்ணிக்கையை எடுத்திருவமா? இல்லேன்னா பழைய நாப்பதாயிரமே நிக்கட்டும். கொறையுதுன்னு பாத்துல்லா மத்தவனும் ஓடுகான்."

"பொய் சொல்லலாம்ங்கறியா?"

"பொய்யின்னு ஏன் பாக்கிய? ஒரு தைரியத்துக்கு."

"பிரான்சிஸ், நிரல் திறந்து கிடக்குது. எண்ண நினைக்கறவன் எப்படியும் எண்ணிக்குவான். ஏமாறப்போறது நம்மை நம்பி உள்ள இருக்கறவங்க மட்டும்தான். பொதுக் கையில அணிலோட கையும் கலந்திருக்கு. ஆயிரம் பேர் உள்ள இருந்தா, அவளைத் தேடறவனுக்கு ஆயிரம் ஊர்ல புள்ளி விழும். எங்கேன்னு போவான்? பத்துப் பேர் இருந்தா பத்தே புள்ளி. ஒரு கார் எடுத்தா பத்து வீட்டையும் பாத்துடலாம். அது தெரியாம ஒருத்தி தைரியமா தட்டிட்டு இருந்தா, அவளைக் கொன்னது நாமதான்."

"அப்பம் மெஷினை வச்சு ஆயிரம் கை செஞ்சு உள்ள விடுவோம்."

"போன வருஷமே அதைப் பண்ணிப் பாத்தாங்க. கண்டேன்காரன் சுலபமா கண்டுபிடிச்சுட்டான். உயிருள்ள கை சலிக்கும். மெஷினுக்குச் சலிக்கத் தெரியாது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான்.

சரியாகத்தான் இருந்தது. அவள் சொன்னதில் எங்கே தப்பு என்று தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. எதையும் மறைக்காமல் எல்லார் முன்னாலும் வைப்பது என்பது நிரலைத் திறந்து போடுகிற இவர்கள் கூட்டத்தின் வழக்கம். அது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. பூங்கோதை எண்ணிக்கையை எடுக்கவில்லை. முகப்புப் பக்கத்தில் இன்னும் பெரிய எழுத்தில் போட்டு, 'ஆட்கள் குறைந்துவருகிறார்கள், ஆபத்தில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ளவும்' என்றும் சேர்த்தாள். ஆபத்து என்ற சொல்லைப் பார்த்ததும் எந்த ஆபத்தும் இல்லாதவர்கள் முதலில் ஓடினார்கள்.

குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழுவில் தண்ணீர் லாரி, லிஃப்ட், நாய் மூன்றும் முடிந்த பிறகு பூங்கோதை எழுந்து நின்றாள். எல்லோரும் போர்வையை நிறுவிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். செயலாளர் விசாலாட்சி நல்ல மனுஷி, யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் ரசம் வைத்து அனுப்புகிறவர்.

"பூங்கோதை, நம்மகிட்ட ஒளிக்கறதுக்கு என்ன இருக்குங்க? என் போனைத் திறந்தா பேத்தி டான்ஸ் ஆடற வீடியோதான் இருக்கும்."

"உங்களுக்கு ஒளிக்க ஒண்ணும் வேண்டாம்ங்க மேடம். ஒளிஞ்சே ஆகவேண்டிய ஒருத்தி பக்கத்துல சும்மா நின்னாப் போதும். கூட்டம் இருந்தாத்தான் அவ கூட்டத்துல மறைய முடியும்."

"அவ யாருங்க?"

"தெரியாதுங்க."

"என்ன பண்ணினா?"

"கல்யாணம் பண்ணிக்கிட்டா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர், ரிட்டயர்டு ஆன பெரிய மனிதர், தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்காதீங்க. பெத்தவங்க தேடறாங்கன்னா அதுல ஒரு நியாயம் இருக்குமில்லைங்களா? நாளைக்கு நம்ம வீட்டுப் பொண்ணு போனா நாமளும் தேடத்தானே செய்வோம்?"

விசாலாட்சிதான் நிலைமையைக் காப்பாற்றினார். "சரி சரி, புள்ள இவ்வளவு கேக்குது, ஒரு நாலு பேராவது போட்டுக்குவோம்." பதினொரு வீடுகள் போட்டுக்கொண்டன. அன்றைக்குப் பூங்கோதை சந்தோஷமாகப் படி ஏறினாள். தீபாவளித் தள்ளுபடி வந்தது. தெளிவான கை உள்ளவர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தார்கள். பதினொன்றும் போச்சு. விசாலாட்சி மட்டும் மேலே வந்து, வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டுவிட்டு, கையில் கொண்டுவந்த அதிரசத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கார்த்திகையில் பிரான்சிஸ் போனான். அவன் கம்பெனியில், ஊழியர்கள் யாரும் கையை மறைக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகள். கூப்பிட்டு அழுதான். "எக்கா, நான் செஞ்ச சாமானை நானே களைஞ்சு போட்டுட்டேன் பாத்துக்கிடுங்க," என்றான். பூங்கோதைதான் அவனைத் தேற்றினாள்.

அதற்கப்புறம் எண்ணைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. நூறு, ஐம்பது, ஒன்பது. ஒரு வெள்ளிக்கிழமை நான்கு. அவள், அவள் கணவன் மயில்சாமி, அணில், இன்னும் யாரோ ஒருவர். அந்த யாரோ ஒருவர் யார், ஆணா பெண்ணா, எதற்காக அவ்வளவு நாள் தாக்குப்பிடித்தார் என்று எதுவும் தெரியாது. திங்கட்கிழமை அவர் இல்லை. சலித்துப்போய் எடுத்துவிட்டாரா, அவர் வீட்டு வாசலுக்கும் கார் வந்துவிட்டதா என்று பூங்கோதை அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

மயில்சாமி நூல் வியாபாரத் தரகர். மனைவியின் கொள்கைகளைப் பெரிதாகப் புரிந்துகொண்டவர் அல்ல. ஆனால் அவளுக்காக வங்கி வாசலில் ஒரு வருடமாக நின்றவர். அவருடைய அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, இன்ஷூரன்ஸ்காரர்கள் 'உங்கள் கை தெளிவாக இல்லை' என்றார்கள். மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார்.

"எடுத்துட்டேன் கோதை."

அவள் மின்விசிறியைப் போட்டாள்.

"அம்மாவை ஸ்ட்ரெச்சர்ல போட்டுட்டு வெளியவே நிக்க வெச்சுட்டாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"ஒண்ணும் பண்ண முடியாதுங்க," என்றாள். பிறகு உள்ளே போய் அணிலுக்குத் தட்டினாள்.

'நீயும் நானும் மட்டும்தான் இருக்கோம். போனை அணைச்சுத் தூக்கிப் போடு. கொஞ்ச நாளைக்கு எதையும் தட்டாதே.'

'எப்படிங்க்கா? இந்த வாரம் எனக்குப் பிரசவத் தேதி. கைநடை காட்டினாத்தான் ஆஸ்பத்திரிக்குள்ள விடுவாங்க. போன தடவை போர்வையோட போனப்ப, தெளிவா இல்லைன்னு ரெண்டு மணி நேரம் வெளியில உக்கார வெச்சாங்க. ஆனா விட்டுட்டாங்க.'

'வீட்டுல வெச்சுப் பாத்துக்க யாராவது?'

'யாரு இருக்காங்க்கா எங்களுக்கு?'

பூங்கோதை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வையை எடுத்தால் ஒரே புள்ளி. எடுக்காவிட்டால் இரண்டு. தேடி வருகிறவன் எந்தப் புள்ளிக்குப் போவான் என்பதற்குப் பூவா தலையா போட வேண்டியதுதான். தன் வீட்டுக்கு வரட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். வந்தால் பேசியே நாள் கடத்தலாம், அதற்குள் அவர்கள் ஊர் மாறிவிடலாம். நம்புவதற்கு அவளிடம் இருந்தது அவ்வளவுதான்.

'நான் எடுக்கவே மாட்டேன்,' என்று தட்டினாள். 'நீ பயப்படாம ஆஸ்பத்திரிக்குப் போ.'

'நீங்க இருக்கீங்கன்னுதான் இத்தனை நாள் இருந்தேன் அக்கா.'

மூன்றாம் நாள் காலை பத்து மணி வாக்கில் அழைப்புமணி அடித்தது. மயில்சாமி ஆஸ்பத்திரியில் இருந்தார். கதவைத் திறந்தால், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். கும்பிட்டார். அவருக்குப் பின்னால் படிக்கட்டில் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

"ஏனுங்க அம்மிணி, கோகிலவாணி இருக்குதுங்களா?"

பூங்கோதைக்கு அந்தப் பெயர் தெரியாது. ஒரு விநாடி கழித்துத்தான் புரிந்தது. இரண்டு வருடமாக அணில் என்றே கூப்பிட்டவளின் பெயரை முதல்முறையாக இந்த வாயிலிருந்தா கேட்க வேண்டும் என்று நெஞ்சு எரிந்தது. அதற்கு அடியில் ஒரு சந்தோஷமும் எழுந்தது. இங்கே வந்துவிட்டார்கள். பூ விழுந்துவிட்டது.

"வாங்க, உக்காருங்க," என்றாள். எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம். "தண்ணி குடிக்கறீங்களா?"

"குடுங்க அம்மிணி. காலையில வெள்ளென கிளம்புனதுங்க."

அவர் உட்கார்ந்தார். ஓர் ஆள் மட்டும் உள்ளே வந்து அறைகளைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினான். அவர் கோபப்படவில்லை.

"இங்கில்லைன்னா செரி. வந்து பாக்கோணுமில்லீங்களா. ரெண்டு எடத்துலயும் பொட்டு வெச்சுக் காட்டுதுங்க." கைபேசியைத் திருப்பிக் காட்டினார். பக்கத்தில் கொண்டுவராமல் தூரத்திலிருந்தே காட்டினார். "நான் இந்தப் பக்கம் வந்தனுங்க. பையன் அந்தப் பக்கம் போயிருக்கறான்."

பூங்கோதை நீட்டிய செம்பு சரிந்து தரையில் தண்ணீர் சிந்தியது.

"பாத்துங்க," என்று செம்பை வாங்கிக்கொண்டார் அவர். "உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. பையன் படிச்சவன். நீங்க எழுதி வெச்சிருக்கறதையெல்லாம் ஒண்ணு உடாமப் படிச்சிருக்கறான். எத்தன பேரோ அத்தன எடம்னு தெளிவா எழுதியிருக்கறீங்களாமா. எண்ணிக்கையையும் மொத பக்கத்துலயே போட்டுட்டீங்க. அதைத் தெனமும் காலையில காப்பி குடிக்கறப்ப பாப்பான். அவசரப்பட வேண்டாம்ப்பா, தானாக் கொறையும்னு சொன்னான். நேத்து ரெண்டுன்னு வந்துச்சு. கிளம்பிட்டோம்."

"அவளுக்குப் பிரசவ நேரங்க," என்றாள் பூங்கோதை. "உங்க பேரப்பிள்ளைங்க அது. உங்க கால்ல விழறேன். பையனைக் கூப்பிட்டுத் திரும்பி வரச் சொல்லுங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அதெல்லாம் பேசி முடிச்சாச்சுங்க அம்மிணி."

"நான் போலீசைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க." நிஜமாகவே தடுக்கவில்லை. "எந்த ஊருக்குப் போவோணும்னு சொல்லுவீங்க?"

பூங்கோதைக்கு எந்த ஊர் என்று தெரியாது. யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று கேட்காமலே வைத்திருந்தாள். இப்போது கொடுப்பதற்கும் அவளிடம் ஒன்றுமில்லை. "எந்த ஊருங்க? சொல்லுங்க, எந்த ஊரு?" என்று அவரைப் பார்த்துக் கத்தினாள். படிக்கட்டில் நின்றவர்கள் செருப்பை மாற்றி மாற்றித் தேய்த்தார்கள்.

அவள் தன் கைபேசியை எடுத்து அணிலுக்குத் தட்டினாள். 'ஓடு. அண்ணன் வர்றான். இப்பவே ஓடு.' போய்ச் சேர்ந்தது என்று காட்டியது. படித்ததாகக் காட்டவில்லை. மறுபடி தட்டினாள். மறுபடி. திரையின் மேலே அந்த வரி அப்படியே இருந்தது: போர்வைக்குள் இப்போது 2 பேர். அந்த இரண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இருக்கும்வரை அணில் இருக்கிறாள். பிரசவ அறையில் கைபேசியை வாங்கி வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். குழந்தை பிறந்திருக்கும், அசந்து தூங்குவாள் என்று நினைத்தாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனைங்க?" என்று அவர் கேட்டார்.

அவள் நிமிரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மாறியது. எழுதியது எழுதியபடி, எதையும் மறைக்காமல் காட்டியது.

போர்வைக்குள் இப்போது 1.

நீங்கள் தனியாக இல்லை.

அவருடைய சட்டைப்பையில் கைபேசி அடித்தது. அவர் மீதித் தண்ணீரைக் குடித்து முடித்து, செம்பை ஓரமாக, யார் காலிலும் படாதபடி வைத்துவிட்டு, கைபேசியை எடுத்தார்.